ஆந்தை எந்த ஊரில் அறிவாளி?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, 'கழுதை என்று திட்டுவதில் கழுதைக்கு ஒரு பங்கும் கிடையாது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் மிருகக்காட்சி சாலைதான். சரி, இந்த முறை முழுக்க அதையே வைத்துக்கொள்வோம். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

டெல்லியில் வேலை பார்க்கிறேன். இங்கே ஆபீஸில் ஒருத்தன் இன்னொருத்தனை 'உல்லு' என்று சொன்னால் கைகலப்பு வரை போகிறது. என் மகளின் ஆங்கிலப் பாடப்புத்தகத்திலோ ஆந்தை கண்ணாடி போட்டு, பட்டமளிப்புத் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எதை நம்புவது? (டெல்லி வாசகர்)

உங்கள் ஆபீஸிலும் புத்தகத்திலும் இருப்பது ஒரே பறவைதான், பார்க்கிற ஆள்தான் வேறு. இந்தியில் உல்லு என்றால் மடையன். 'உல்லு கா பட்டா' என்றால் ஆந்தைக்குப் பிறந்தது, அதாவது அப்பாவையும் சேர்த்துத் திட்டுவது, சட்டைக் காலரைப் பிடிக்காமல் என்ன செய்வார்கள்? ஒருவனை ஏமாற்றினால் 'ஆந்தையாக்கிவிட்டான்' என்பார்கள், தன் காரியத்தை மட்டும் முடித்துக்கொண்டு நழுவுகிறவனை 'தன் ஆந்தையை நேராக்கிக்கொண்டான்' என்பார்கள். இத்தனைக்கும் அதே வட இந்தியாவில் லட்சுமியின் வாகனம் ஆந்தை. (பணம் போய்ச் சேருகிற சில இடங்களைப் பார்த்தால், வாகனத்தின் மேல் அவர்களுக்கு ஏன் கோபம் என்று புரியாமலும் இல்லை.)

கண்ணாடி போட்ட ஆந்தை கிரேக்கத்திலிருந்து வந்தது. அறிவுக்கு அதிபதியான அத்தீனாவின் பறவை அது. பழைய ஏதென்ஸ் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் அவள் தலை, மறுபக்கம் ஆந்தை, காசுக்கே 'ஆந்தை' என்று பெயர் வந்துவிட்டது. நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்கிறோமே, அதற்கு அவர்கள் சொன்னது 'ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது'. இன்றைக்கும் கிரீஸ் நாட்டு 1 யூரோ நாணயத்தைத் திருப்பினால் அதே ஆந்தை நம்மை முறைக்கும்.

அந்த முறைப்பில்தான் விஷயம் இருக்கிறது. ஆந்தையின் கண்கள் நம் கண் மாதிரி குழிக்குள் உருளாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் தலையையே திருப்பியாக வேண்டும், அதனால் எப்போதும் நேராக வெறித்த பார்வை. அதைப் பார்த்துக் கிரேக்கன் 'ஆழ்ந்து யோசிக்கிறது' என்றான், டெல்லிக்காரன் 'ஒன்றும் புரியாமல் நிற்கிறது' என்றான், நாம் எந்தப் பக்கமும் சாயாமல் 'ஆந்தை மாதிரி முழிக்கிறான்' என்று நிறுத்திக்கொண்டோம். அலறினால் அபசகுனம் என்போமே தவிர, முட்டாள் என்றதில்லை. காலமறிதல் அதிகாரத்தின் முதல் குறளில் பகல் நேரத்தில் கூகையைக் காக்கை வென்றுவிடுகிறது, ஆனால் வள்ளுவர் கூகையின் புத்தியைக் குறை சொல்லவில்லை, நேரத்தைத்தான் சொல்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் வேடிக்கை: ஆந்தையைக் குறிக்கும் 'ஷுவெத்' என்ற சொல்தான் பேச்சு வழக்கில் 'சூப்பர்' என்பதற்கும். அதோடு 'கிழட்டு' என்பதைச் சேர்த்தால் சிடுசிடுக்கிற கிழவியைத் திட்டுவதாகிவிடும்.

என் மாமியார் மூன்று வயதுப் பேரனை 'வாடா கழுதை', 'எங்கே போச்சு என் குரங்கு' என்றே கூப்பிடுகிறார். குழந்தையின் மனதைப் பாதிக்காதா? சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயம். (பெங்களூரு வாசகி)

எங்கள் பெரியத்தை முறுக்கு சுடும் நாளில் அடுப்பைச் சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர் நிற்போம். முதல் ஈடு வெந்ததும் எண்ணெய் வடிவதற்குள் ஒன்றை உடைத்து, தன் வாயாலேயே ஊதி, 'இந்தா கழுதை, சூடு, மெதுவா தின்னு' என்று கையில் வைப்பாள். அந்தக் கழுதைக்காக வரிசையில் இடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அதே பெரியத்தை, அவள் மகன் யாரிடமும் சொல்லாமல் மோதிரத்தை அடகு வைத்துவிட்டு வந்த அன்று, திண்ணையில் உட்கார்ந்தபடியே குரலை உயர்த்தாமல் 'ஏண்டா கழுதை' என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். வீட்டில் இருந்த எல்லோரும் ஏதோ வேலை இருப்பது போல ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டோம். சொல் ஒன்றுதான். மூன்று வயதுப் பையனுக்கும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், உங்களைவிடக்கூட.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். பிரான்ஸில் குழந்தையையும் காதலியையும் 'என் தெள்ளுப்பூச்சியே' என்று கொஞ்சுவார்கள். 'மா ப்யூஸ்' என்று சொன்னால் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, அர்த்தம் கேட்காத வரை. ஜெர்மன்காரர்களுக்கு எலி, முயல், சிட்டுக்குருவி எல்லாமே செல்லப் பெயர்கள், நத்தை உட்பட. ஈரானில் ஒரு குழந்தை ரொம்ப அழகாக இருந்தால் 'உன்னை எலி தின்ன!' என்று பாரசீகத்தில் கொஞ்சுவார்கள். அரபியில் ஒரு பழமொழி, 'தாயின் கண்ணுக்குக் குரங்கும் மான்தான்' என்று. நாம் காக்கையையும் பொன்குஞ்சையும் வைத்துச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம், நாமே 'குட்டி' என்றும் 'செல்லக்குட்டி' என்றும் கொஞ்சுகிறோமே, அது என்ன மனிதச் சொல்லா? தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர்கள் என்று பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது வருகின்றன, விலங்குக்கும் பறவைக்கும் எதை எதைச் சொல்லலாம் என்ற விதியோடு. அதில் இருக்கிற பிள்ளைதான் கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்று இன்னும் மரத்திலும் பொந்திலும் இருக்கிறது, நம் வீட்டிலும் இருக்கிறது. சேட்டை செய்கிற பையனை 'வாலு' என்கிறோம், முழு விலங்கைக்கூடச் சொல்வதில்லை, பின்பக்கத்து நீட்சியை மட்டும். மாமியாரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். பேரனுக்கு இருபது வயதான பிறகும் கழுதை தொடர்ந்தால், அது 'ஏழு கழுதை வயசாச்சு' கணக்கில் வரும், அதை அவன் பார்த்துக்கொள்வான்.

பாங்காக்கில் ஒரு பூங்காவில் ஆள் நீளத்துக்கு உடும்பு மாதிரி ஒன்று குளத்திலிருந்து ஏறி வந்தது. தாய்லாந்து நண்பரிடம் இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன். சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார். ஏன்? (தஞ்சாவூர் வாசகர்)

சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் உங்களைத் திட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். லும்பினி பூங்காவாக இருக்கும், அங்கே நீர் உடும்புகள் நிறைய. அதன் தாய் மொழிப் பெயர் 'ஹியா', அந்த மொழியின் மிக மோசமான வசைகளில் ஒன்று. வாய் கூசாமல் அதைக் குறிப்பிட வேண்டும் என்றால் 'வெள்ளி உடல், தங்க உடல்' என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள், நாம் பாம்பை ராத்திரியில் 'நல்லது' என்கிற மாதிரி. 2009-ல் இதற்கு வேறு பெயரே வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. விலங்கியல் பெயரான வாரனஸ் என்பதன் சாயலில் ஒரு சொல்லைப் பிடித்தார்கள், அது அங்கே பெண்களுக்கு வைக்கிற ஒரு பெயர் மாதிரி ஒலித்தது! பிறகு வேறென்ன, பழைய வசையே இன்றைக்கும் ஓடுகிறது.

இப்போது மகாராஷ்டிரத்துக்கு வாருங்கள். மராத்தியில் உடும்புக்குப் பெயர் கோர்பட். கோர்படே என்பது மராட்டியப் படைத்தலைவர்கள் பெருமையோடு சுமந்த குடும்பப் பெயர், கர்நாடகத்தின் சந்தூர் அரச குடும்பமும் கோர்படேக்கள்தான். உடும்பின் உடலில் கயிற்றைக் கட்டிக் கோட்டைச் சுவரில் ஏறினார் ஒரு முன்னோர் என்று அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். நமக்கும் உடும்புப்பிடி பாராட்டுதான். உடும்பு ஒரு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது, இன்னொரு இடத்தில் கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது, இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

தாய்லாந்தில் இன்னொரு எச்சரிக்கை: எருமை. நம் ஊரில் எருமை என்றால் சொரணை இல்லாதவன், மழை பெய்தாலும் அசையாதவன். அங்கே 'க்வாய்' என்றால் புத்தியே இல்லாதவன், இன்னும் காரம் அதிகம்.

புத்தகப் புழு என்பதை எல்லா மொழியிலும் புழு என்றுதான் சொல்கிறார்களா? (கோவில்பட்டி வாசகர்)

இல்லை. ஜெர்மனில் புழுவும் உண்டு, 'வாசிப்பு எலி'யும் உண்டு. பிரெஞ்சில் நூலகப் பெருத்த எலி, ஸ்பானிஷில் நூலகச் சுண்டெலி, இந்தோனேசியாவில் புத்தகப் பேன். டென்மார்க்கில் 'வாசிப்புக் குதிரை' என்கிறார்கள், மற்றவர்கள் எல்லாம் அரிக்கிற பிராணியையே பிடித்துக்கொண்டிருக்க அவர்கள் மட்டும் குதிரையை ஏன் நூலகத்துக்குள் விட்டார்கள்! நம் புத்தகப் புழு ஆங்கிலத்திலிருந்து வந்து குடியேறியது. ஏட்டையும் புத்தகத்தையும் துளைக்கிற பூச்சிக்கு ராமபாணம் என்று நம்மிடமே அட்டகாசமான பெயர் இருந்தது. 'அவன் ஒரு ராமபாணம்பா, லைப்ரரியை விட்டு வெளியே வர மாட்டான்' என்று யாராவது ஆரம்பித்துவையுங்கள்.

நண்பனை 'டேய் மாடு' என்று கூப்பிடுகிற பழக்கம் நமக்கு மட்டும்தானா? (திருநெல்வேலி கல்லூரி மாணவர்)

மெக்சிகோவுக்குப் போனால் வாக்கியத்துக்கு ஒரு மாடு. காயடித்த காளைக்கு ஸ்பானிஷில் 'புவெய்'. அது முதலில் முட்டாளைக் குறித்தது, பிறகு தேய்ந்து 'வெய்' ஆகி, இன்றைக்கு நம் 'மச்சி' இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இளைஞர்கள் பேசுவதைக் கேட்டால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை வெய், வெய்தான்.

மலேசியாவில் கட்சி மாறும் எம்.பி.க்களைத் தவளை என்கிறோம். தமிழ்நாட்டில் தவளை என்றால் கிணற்றுத் தவளை மட்டும்தானா? (ஈப்போ வாசகர்)

ஆமாம், இங்கே தவளைக்குக் கிணறுதான் கதி. உங்கள் மலாயிலும் அந்தத் தவளை இருக்கிறதே, கிணற்றுக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில். சீனத்தில் கிணற்றடித் தவளை, ஜப்பானில் கிணற்றுக்குள் தவளை, சம்ஸ்கிருதத்தில் கூபமண்டூகம். ஆனால் உங்கள் ஊர்த் தவளை சிரட்டையை விட்டு வெளியே வந்து, ஒரே தாவலில் அடுத்த கட்சிக்குப் போய் அரசாங்கத்தையே கவிழ்த்த தவளை. 2022-ல் அரசியல் சாசனத்தையே திருத்தி அதன் காலைக் கட்ட வேண்டியதாயிற்று. நாங்கள் 'கட்சி தாவுதல்' என்று வினையை மட்டும் வைத்துக்கொண்டு விலங்கைச் சொல்லாமல் விட்டுவிட்டோம், கிளை தாவுகிற ஒன்றை எல்லோரும் மனதுக்குள் நினைத்துக்கொள்வதோடு சரி. இந்தோனேசியர்கள் குதிக்கிற பேன் என்கிறார்கள். மறுபடியும் பேன், அந்த ஊரில் அதற்கு ஓய்வே இல்லை.

பக்கத்தில் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் பெண்கள் பின்னால் சுற்றுகிறவனுக்குப் பெயர் 'தரை முதலை'. அதே ஜகார்த்தாவில், பெத்தாவி மக்களின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதலை உருவத்தில் பெரிய ரொட்டி சுட்டுக் கொண்டுவர வேண்டும். எதற்கு? முதலை வாழ்நாள் முழுக்க ஒரே துணையோடு இருக்குமாம், அந்த விசுவாசத்துக்கு அடையாளமாம்!

ஊழல் செய்கிறவர்களைப் பெருச்சாளி என்கிறோம். இது வெளிநாட்டிலும் உண்டா? (வேலூர் வாசகர்)

பெருச்சாளியே வெளிநாடு போயிருக்கிறது. ஆங்கிலத்தில் பெருச்சாளிக்கு 'பாண்டிகூட்' என்று பெயர், அது தெலுங்கின் 'பந்திகொக்கு'. பந்தி என்றால் பன்றி. வெள்ளைக்காரர்கள் இங்கே கற்றுக்கொண்ட பெயரை ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப் போய், பெருச்சாளிக்கு எந்தச் சொந்தமும் இல்லாத, வயிற்றில் பை வைத்த ஒரு பிராணிக்குச் சூட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் 'பாண்டிகூட்' ஒரு வினைச்சொல்லும்கூட: செடியை மேலே அப்படியே நிற்க விட்டுவிட்டு, அடியில் கையை விட்டு உருளைக்கிழங்கை மட்டும் திருடுவது. நம் பெருச்சாளியும் அதைத்தானே செய்கிறது, கோப்பு மேசையில் அப்படியே இருக்கும், உள்ளே இருந்தது மட்டும் இருக்காது.

சீனாவில் புலி, ஈ என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். 2013-ல் ஷி ஜின்பிங் ஊழலை ஒழிக்கக் கிளம்பியபோது 'புலிகளையும் ஈக்களையும் சேர்த்தே அடிப்போம்' என்றார். புலி மேலிடம், ஈ கீழ்மட்டம். நாம் திமிங்கலம், நெத்திலி என்போம். ஒரு படகுக்கு எது அதிகம் சிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சென்னையில் வெளிநாட்டுச் சாமான் கொண்டுவருகிறவர்களைக் 'குருவி' என்கிறார்களே? (மண்ணடி வாசகர்)

மண்ணடியிலிருந்து இந்தக் கேள்வியா, நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது. சிங்கப்பூர், பாங்காக் என்று போய், அடுத்தவர் சரக்கை இரண்டு பையில் சுமந்துகொண்டு திரும்புகிறவர்கள் குருவிகள். டிக்கெட்டும் கொஞ்சம் கூலியும் அவர்களுக்கு, லாபம் அனுப்பினவருக்கு. இதே வேலையில் போதைப்பொருள் சுமந்தால் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கோவேறு கழுதை. மெக்சிகோ எல்லையில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போய் விடுகிறவன் 'கொயோட்டே', அந்தப் பாலைவனத்து ஓநாய். அவனுக்கே கோழிக்காரன் என்றும் பெயர் உண்டு, ஏனென்றால் காசு கொடுத்துப் பின்னால் போகிற ஏழைகள் கோழிகள். சீனர்கள் அவனைப் பாம்புத்தலை என்பார்கள். 1993 ஜூனில் 'கோல்டன் வென்ச்சர்' என்ற கப்பல் 286 பேரோடு நியூயார்க் கரையில் தரைதட்டி, தண்ணீரில் குதித்தவர்களில் 10 பேர் செத்தபோதுதான் அந்தச் சொல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் பரவலாக அடிபட்டது. இவ்வளவுக்கும் நடுவில் நம் குருவியில் மட்டும் ஒரு பரிதாபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

2008-ல் ஹர்பஜன் சிங் 'குரங்கு' என்று சொன்னதாக அவ்வளவு பெரிய ரகளை. நம் வீட்டில் நாளைக்குப் பத்து தடவை சொல்கிறோம். ஆஸ்திரேலியர்கள் வேண்டுமென்றே பெரிதாக்கினார்கள் என்கிறேன், சரிதானே? (சேலம் வாசகர்)

சரியில்லை. முதலில் நடந்தது: சிட்னி டெஸ்ட், எதிரே கரீபியக் கறுப்பின வம்சாவளி ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ். மேட்ச் ரெஃப்ரி மூன்று டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டில் நீதிபதி ஜான் ஹேன்சன் இனவசை நிரூபணமாகவில்லை என்று தடையை நீக்கி, கெட்ட வார்த்தை பேசியதற்கு அந்த மேட்ச் சம்பளத்தில் பாதியை அபராதமாக்கினார். சொன்னது இந்தி வசை, ஆங்கிலக் காதில் அப்படி விழுந்தது என்பது இந்தியத் தரப்பு வாதம். ஆகவே சொன்னாரா இல்லையா என்பதை விட்டுவிடுவோம்.

ஆனால் சில மாதங்களுக்கு முன்னால், 2007 அக்டோபரில், வதோதராவிலும் மும்பையிலும் நம் ரசிகர்கள் கேலரியில் இருந்து சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்கு மாதிரி கத்தியது எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. கறுப்பினத்தவரைக் குரங்கோடு சேர்த்து வைத்துப் பேசியது வெள்ளைக்காரர்களின் வெறும் கேலி இல்லை, 'அறிவியல்' என்ற பெயரில் புத்தகமாகவே போட்டார்கள். 1906-ல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரை நியூயார்க் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் குரங்குக் கூண்டில் நிறுத்திக் காட்சிக்கு வைத்தார்கள், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தக் கூண்டு அந்தச் சொல்லோடு இன்னும் வருகிறது. பெங்களூரு மாமியார் சொல்கிற குரங்கில் கூண்டு இல்லை. 1994-ல் ருவாண்டா வானொலியில் துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அங்கே நடந்த இனப்படுகொலை உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் வீட்டில் பத்து தடவை என்ன, நூறு தடவை சொல்லுங்கள், மைதானத்தில் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் 'பெட்டை' என்றால் சும்மா பெண்பிள்ளைதான். தமிழ்நாட்டுத் தோழி ஒருத்தி அதைக் கேட்டு முகத்தைச் சுளிச்சுப்போட்டாள். ஏன் அங்கை இவ்வளவு கோபம்? (டொரொன்டோ வாசகி)

உங்களிடம் பிழையில்லை. இங்கே பெட்டை என்றால் கோழியும் நாயும், அது 'பொட்டை' ஆகிவிட்டால் ஆணைக் கேவலப்படுத்துகிற வசை, அதாவது பெண்ணாக இருப்பதே குறை என்கிற அர்த்தம். உங்கள் ஊரில் அந்தச் சொல் வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டது, மலையாளத்தில் 'குட்டி' எந்தக் குறையும் இல்லாமல் குழந்தையானது போல.

பெண்பால் என்று வந்தால் எல்லா மொழியும் கொஞ்சம் கீழேதான் இறங்குகிறது. ஸ்பானிஷில் ஆண் நரி தந்திரக்காரன், பெண் நரி வேசி. சீனத்தில் பெண் புலி என்றால் வாயாடி மனைவி. ஆங்கிலத்தின் பெண் நாயைச் சொல்லவே வேண்டாம். நம் கவிஞர்கள் பெருந்தன்மையாக மயில், மான், கிளி, குயில் என்று கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் பார்க்கவும் கேட்கவும்தான். காளையும் சிங்கமும் புலியும் ஆண்கள் எடுத்துக்கொண்டாயிற்று. ஆனால் பழைய பாட்டில் பிடியின் நடை, அதாவது பெண் யானையின் நடை, பெண்ணுக்குப் பெரிய பாராட்டு. இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் யாரிடமாவது அதைச் சொல்லிப்பாருங்கள், சாப்பாடு கிடைக்காது.

விளையாட்டு வீரர்களை 'கோட்' என்று புகழ்கிறார்களே, ஆடு எப்படி உசந்தது? (திருச்சி வாசகர்)

'எக்காலத்துக்கும் தலைசிறந்தவர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ஆடாகிவிட்டன. அதற்கு முன்னால் அதே அமெரிக்க மைதானங்களில் ஆடு என்றால் சொதப்பி மேட்சைத் தோற்கடித்தவன். நமக்கு ஆடு என்றால் தானாக வந்து தலையைக் கொடுப்பது. ரஷ்யர்களிடம் மட்டும் இந்தப் புகழ்ச்சியை மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள், கிடா என்பது அங்கே, அதுவும் சிறைக்கூடத்தில், ரத்தம் பார்க்காமல் அடங்காத வசை.

உங்களை யாராவது விலங்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டதுண்டா? உண்மையைச் சொல்ல வேண்டும். (காரைக்குடி வாசகி)

உண்டு. பத்திரிகை வேலைக்கு வந்த புதிதில் ப்ரூஃப் பார்க்கிற பிரிவில் ஒரு பெரியவரிடம் விட்டார்கள். அவர் எதைச் சொன்னாலும், புரிகிறதோ இல்லையோ, 'சரிங்க சார், சரிங்க சார்' என்று தலையை ஆட்டுவேன். நாலாம் நாள் 'ஓணான்' என்று பெயர் வைத்துவிட்டார். வேலியில் உட்கார்ந்து தலையை ஆட்டுமே, அது. ஆபீஸ் முழுக்க அதுவே நின்றது, டீ கொண்டுவருகிற பையன்கூட 'ஓணான் அண்ணனுக்கு சர்க்கரை கம்மி' என்பான். பல வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, எல்லோரும் பேசி முடித்து, படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார். மேசையில் எதையோ தேடினார். 'ஓணான், என் சிவப்புப் பேனாவை நீயே வெச்சுக்க, சந்திப்பிழையை விட்டுடாதே, என்ன?' என்றார். பேச வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன்.